நூறைத் தாண்டாத காய்ச்சல்

மாலை நர்ஸிங் வகுப்புக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஐந்தேகாலுக்குள் பேருந்து நிறுத்தத்தில் நின்றுவிட வேண்டும். பிந்தினால் அலுவலகக் கூட்டம் ஏறிவிடும், நின்றுகொண்டுதான் போக வேண்டும். நின்றுகொண்டு படிக்க எனக்கு வராது. அதனால் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் ஐந்து மணி அடித்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினாயா என்று விசாரணையில் கேட்டீர்கள், ஐயா. ஆமாம் என்றேன். அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது கேட்காததையும் எழுதுகிறேன். கையெழுத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். முதலில் ஒரு தாளில் குறித்து, அதைத் திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் தேதிகள் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன்.

இல்லத்தை நீங்கள் இரண்டு முறை வந்து பார்த்தீர்கள். மாடியில் ஆறு பேர், கீழே ஐந்து பேர். கிருமிநாசினியும் வெந்த காய்கறியும் கலந்து வாடை வீசும் நடைபாதை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். குளித்தாரா, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, உடல் சூடு எவ்வளவு. நான்கே கட்டங்கள். தினமும் காலையில் அவற்றை நிரப்புவது என் வேலை. நிரப்பியதைப் பார்ப்பது பெரியக்காவின் வேலை.

எங்கள் தலைமைப் பணிப்பெண்ணை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், எண்பது வயதுக்காரர்கள் உட்பட. பத்து மணிக்குச் சாவிக்கொத்து குலுங்க நடந்து வருவார். ஒவ்வொரு கால்மாட்டிலும் நிற்பார். அட்டையைப் பார்ப்பார். அட்டைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் படுத்திருப்பது அவருக்குப் பல நாள் நினைவில் இருந்ததில்லை. இருபத்திரண்டு வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்வார். செக்குமாடும் இருபத்திரண்டு வருடம் நடக்கும். எந்த ஊரையும் போய்ச் சேர்வதில்லை.

அவருடைய மருத்துவம் முழுவதும் ஒரே எண்ணில் அடங்கியிருந்தது. நூறு. உடல் சூடு நூறைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுத வேண்டும், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தாண்டாவிட்டால் நீல மை, டாக்டர் கிடையாது. ஏன் என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"நெருப்பில்லாம புகையுமாடி? ஜுரமில்லாம சீக்கு வருமா? போ, போய் போர்வைய மாத்து."

எங்கள் வகுப்பாசிரியை பெரிய மருத்துவமனையில் பதினைந்து வருடம் வார்டு நர்ஸாக இருந்தவர். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்தான் மாலை வகுப்பு நடக்கும். முழங்கால் இடிக்கும் பெஞ்சு. அங்கே உட்கார்ந்து, அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வேன். முதியவர்களுக்கு வரும் கடுமையான கிருமித் தொற்றுகளைப் பற்றி அவர் எடுத்த பாடம் என் நோட்டில் ஆறு பக்கம் வந்தது.

"வயசானவங்களுக்கு உள்ள தீ பிடிச்சாலும் வெளிய புகை தெரியாது" என்றார். "ஜுரத்துக்காகக் காத்துட்டிருக்காதீங்க. நேத்து இருந்த ஆள்தானா இன்னிக்கும் இருக்காங்க, அத மட்டும் பாருங்க. திடீர்னு குழம்புவாங்க. இல்ல, ரொம்ப அமைதியாயிடுவாங்க. அதான் மோசம். அமைதியாயிட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

சாப்பாடு குறைவது, நடந்துகொண்டிருந்தவர் சரிந்து விழுவது, மூச்சு வேகமாவது, சிறுநீர் குறைந்து கறுப்பது, கை கால் சில்லிடுவது என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஒன்று சொன்னார். அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். மூட்டுவலிக்கென்று மூன்று வேளையும் பாரசிட்டமால் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே காய்ச்சலை மூடிவிடும். அதனால் உடல் சூட்டை மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் பார்க்கக் கூடாது.

"சந்தேகம் வந்தா கூப்பிடுங்க" என்று முடித்தார். "தப்பாப் போச்சுன்னா ஒரு டாக்டருக்கு அரை மணி நேரம் நஷ்டம், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவரால் சொல்ல முடிந்தது. தப்பாகக் கூப்பிட்ட பிறகு அதே வீட்டில் வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்ததில்லை.

எனக்கு இருந்தது. நீங்கள் விசாரிக்க வந்த அந்தச் சாவுக்கு, தையல்காரம்மா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, கீழ் அறையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூச்சு வேகமாக இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். நாலாவது முறையும் எண்ணினேன். பிறகு பெரியக்காவுக்குச் சொல்லாமல் நானே டாக்டருக்குப் போன் செய்தேன். டாக்டர் வந்தார், வயிற்றை அமுக்கினார், ஒரு மருந்து எழுதினார். நான்கு நாளாக மலம் போகவில்லை, அவ்வளவுதான். மாலைக்குள் தபால்காரர் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் பெரியக்கா அதை நடித்தே காட்டினார். நான் பரபரப்பாக ஓடியது, போனில் திக்கியது, டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. "இனிமே நம்ம வீட்டுக்கு வேற டாக்டர் எதுக்கு? இதோ டாக்டரம்மா இருக்காங்களே. ஏட்டுச் சுரைக்காயாடி கறிக்கு உதவும்?" என்றார். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று சிரித்தார். பல் இல்லாதவர்களும் சிரித்தார்கள். தபால்காரரும் சிரித்தார். அவருக்காகத்தான் நான் ஓடினேன்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது தையல்காரம்மா.

"ஏய் பரீட்சை" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "உன் பரீட்சையில மலச்சிக்கலுக்கு எத்தனை மார்க்குடி?"

இதனால்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. உண்மையில் அந்த வீட்டில் பேசத் தகுந்தவர் அவர் ஒருவர்தான். நாற்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவர். எழுபத்தொன்பது வயதிலும் யார் சட்டையைப் பார்த்தாலும் தையலில் குறை கண்டுபிடிப்பார். என் வேலைச்சட்டையைப் பார்த்த முதல் நாளே, "இதுக்குக் கை வெட்டினவன் கண்ண மூடிட்டு வெட்டியிருக்கான்" என்றார். காலையில் பாலைக் கொடுத்தால் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பசு தூரத்துலேருந்து பாத்துட்டுப் போயிருக்கு போல" என்பார். டாக்டருக்கும் பெரியக்காவுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார். அவை எழுதத் தகுந்தவையல்ல. முழங்கால் வலிக்கு மூன்று வேளை பாரசிட்டமால் போடுவார். அதைத் தவிர நோய் ஒன்றும் கிடையாது.

தபால்காரர் விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி முழுவதும் தெரியாமல் வாயைத் திறப்பதில்லை. வகுப்புக்கென்று ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "பார்த்தது", வலப்பக்கம் "நினைத்தது" என்று தலைப்பிட்டிருந்தேன். அதன் பிறகு வலப்பக்கத்தைக் காலியாகவே விட்டேன். நினைப்பதில்தான் தப்பு வருகிறது. பார்ப்பதில் வருவதில்லை. நாட்குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீங்களே பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை பால் கொடுத்தபோது தையல்காரம்மா எட்டிப் பார்க்கவில்லை. வாங்கினார், இரண்டு மிடறு குடித்தார், வைத்துவிட்டார். வேண்டுமென்றே சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். அவர் கண் அதன்மேல் போனது, திரும்பி வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்குப் பெரியக்கா வந்தார்.

"என்ன, இன்னிக்கு வாய்க்குப் பூட்டா?" என்று கேட்டார். பதில் இல்லை. பெரியக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "அப்பாடா, இன்னிக்கு நிம்மதியா வேலை செய்யலாம்."

இடப்பக்கத்தில் எழுதினேன். *பேச்சு இல்லை. பால் கால் டம்ளர். ரொட்டி தொடவில்லை.*

செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. தூக்கி உட்கார வைத்தேன். கட்டிலருகே இருந்த துணிப்பெட்டியைத் தொட்டு, "கதவு எங்க போச்சு?" என்று கேட்டார். மதியம் அவர் கைகளைக் கவனித்தேன். போர்வையின் விளிம்பை மடித்து, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பது வருடம் தைத்த கை தையலை மறக்காது. ஆனால் அன்று அவர் முடிச்சைப் போடாமலே தைத்தார், தைத்த இடத்திலேயே மறுபடி தைத்தார், ஊசியை எங்கே வைத்தோம் என்று மடியில் தேடினார்.

பெரியக்கா அதைப் பார்த்து உருகினார். "பாவம், பழைய ஞாபகம்" என்றார். "வயசானா அப்படித்தான். தொந்தரவு பண்ணாத, தைக்கட்டும்." அட்டையைத் தூக்கிப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று நீல மையில் எழுதியிருந்தேன். அட்டையை விட்டார். அது ஆடி நின்றது.

தையல்காரம்மாவுக்குத் தினமும் என்ன சூடு என்று அட்டையைப் பின்னால் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். தொண்ணூற்றாறரை, தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கே அவருக்கு அதிகம். ஆனால் பெரியக்கா நேற்றைய கட்டத்தைப் பார்க்கிறவர் அல்ல. டாக்டரும் அல்ல. அவர் வாசல்படியில் நின்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்.

புதன்கிழமை மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. வாயைத் திறந்து, நாய் வெயிலில் மூச்சு விடுவதுபோல. டயப்பர் காலையிலிருந்து கொஞ்சமே நனைந்திருந்தது, நனைந்த இடம் தேநீர் நிறத்தில் இருந்தது, வாடை அறையை நிறைத்தது. தொற்று எங்கிருந்து ஆரம்பித்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நானும் ஊகிக்கவில்லை. வலப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

அன்று மதியம் இரண்டரைக்கு அவர் மகள் போன் செய்தார். சனிக்கிழமைதோறும் வருகிறவர். பழம் வாங்கி வந்து, அம்மா சாப்பிடுவதற்குள் கடிகாரத்தை நான்கு முறை பார்த்துவிட்டுப் போகிறவர். பெரியக்கா சரக்கறையில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அமைதியா இருக்காங்க."

"அமைதியாவா? எங்க அம்மாவா?"

"ஆமா. ரெண்டு மூணு நாளா யாரையும் ஒண்ணும் சொல்லல."

சிரித்தார். "மாத்திரை எதுவும் மாத்திக் குடுத்தீங்களா? நான் சின்னதுலேருந்து அதைத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். சரி சரி, நல்லா இருந்தா போதும். சனிக்கிழமை வர்றேன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன். தையல்காரம்மா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நான் மகளிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐம்பது வருடமாக ஒருத்தியின் நாக்கோடு வாழ்ந்த மகளுக்கு, அந்த நாக்கு மூன்று நாளாக அசையவில்லை என்று கேட்டதும் செருப்பைக் கூடப் போடாமல் ஓடி வந்திருக்க வேண்டாமா? எனக்கு அவர் யாரோ. அவளுக்குப் பெற்றவள். அவளே சிரித்தால் நான் என்ன செய்வது?

வியாழக்கிழமை உடல் சூடு தொண்ணூற்றாறுக்கும் கீழே போய்விட்டது. கை ஐஸ்போல இருந்தது. முழங்கால் பக்கம் தோலில் ஊதா நிறத்தில் வலைபோலத் திட்டுகள். ஆசிரியை வகுப்பில் ஒரு படம் காட்டியிருந்தார். நான் நோட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக அதேதான்.

நான்கு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தார். கண் தெளிவாக இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது.

"ஏய் பரீட்சை."

"சொல்லுங்கம்மா."

"எனக்கு என்னமோ ஆகுது." மூச்சு வாங்கிக்கொண்டார். "உனக்குத் தெரியுதில்ல?"

நான் அவர் மூச்சை எண்ணினேன்.

"யாரையாவது கூப்பிடுடி. கண்ணு, கூப்பிடு."

அதுவரை அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. நான் எழுந்து போனேன். பெரியக்கா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"தையல்காரம்மா யாரையாவது கூப்பிடச் சொல்றாங்க" என்றேன்.

"எதுக்காம்?"

"தெரியல."

"ஜுரம் எவ்வளவு?"

"தொண்ணூத்தஞ்சு புள்ளி எட்டு."

"அப்புறம் என்ன? குளிருதோ என்னமோ. இன்னொரு போர்வை போடு."

போட்டேன். கால் பக்கம் நன்றாகச் செருகினேன். ஐந்து மணிக்குக் கையுறையைக் கழற்றினேன். பேருந்தில் இடம் கிடைத்தது. அன்று வகுப்பில் பழைய பாடத்தைத் திரும்பக் கேட்டார்கள். முதியவர்களின் தொற்று அறிகுறிகளை யார் சொல்வீர்கள் என்று ஆசிரியை கேட்டார். நான் கை தூக்கினேன். ஒன்று விடாமல் சொன்னேன். "இவ மாதிரி ஒரு ஆள் ஒவ்வொரு இல்லத்துலயும் இருந்தா போதும்" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். எனக்குப் பாராட்டு பிடிக்காது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பார்த்தது அல்ல, கேட்டது. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போனபோது தோளைத் தட்டியும் அவர் கண் திறக்கவில்லை. இரவுப் பணிப்பெண் அவர் நன்றாகத் தூங்கினார் என்று எழுதியிருந்தாள். மூச்சு முப்பத்துநான்கு. உதடு நீலம். அதற்குப் பிறகு பெரியக்காவுக்கும் புரிந்தது. சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். சிறுநீர்ப் பாதையில் ஆரம்பித்த தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். "செவ்வாய், புதன்ல கொண்டு வந்திருந்தா ஊசி மருந்துலயே காப்பாத்தியிருக்கலாம்" என்றார். மதியம் மூன்று மணிக்கு முன்பே தையல்காரம்மா போய்விட்டார். மகள் மூன்றேகாலுக்கு வந்தார். அன்று கடிகாரம் பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் பெரும்பகுதி உங்கள் அறிக்கையிலும் இருக்கிறது. நேற்று அதன் நகல் எனக்கு வந்தது. முழுவதும் படித்தேன். பெரியக்காவை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். சரி. அட்டையில் மூச்சு, சிறுநீர், தெளிவு என்று மூன்று கட்டங்கள் கூட்டச் சொல்லியிருக்கிறீர்கள். மிகவும் சரி. பெரியக்கா உங்கள்முன் கையைக் கூப்பி அழுததையும் எழுதியிருக்கிறீர்கள். "தப்பு என்னோடதுதான் சார். அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்க. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?"

அழும்போதும் அவர் என்னை விடவில்லை.

நீங்களும் அதை நம்பிவிட்டீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு வரிகள் இருக்கின்றன. "இளநிலை உதவியாளர் பகுதிநேர மாணவி. அறிகுறிகளின் பொருளை உணரும் அறிவோ அனுபவமோ அவரிடம் எதிர்பார்க்க இயலாது." என்மேல் குற்றமில்லை என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரிகளை நான் பலமுறை படித்தேன். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. சமையல்காரரும் தபால்காரரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் படித்துச் சிரிப்பதுபோல இருந்தது.

அதனால் இன்னும் ஒரே ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இது நாட்குறிப்பிலும் இல்லை.

உடல் சூட்டை நான் எப்போதும் மாத்திரைக்கு முன்னால்தான் பார்ப்பேன். வகுப்பில் சொன்ன நாளிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கும் அப்படித்தான் பார்த்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு. தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தேன். நூற்றொன்று புள்ளி இரண்டு.

சிவப்பு மைப் பேனா என் பையிலேயே இருந்தது. எழுதியிருந்தால் பெரியக்கா மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் நாணயமானவர். நூறைத் தாண்டினால் டாக்டர். எட்டரைக்கு டாக்டர் வந்திருப்பார், ஒன்பதுக்கு ஆம்புலன்ஸ். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு மேசையில் பெரியக்கா சொல்லியிருப்பார். "பாத்தியா, ஜுரம் வந்துச்சு, கூப்பிட்டோம், பொழைச்சுட்டாங்க. இதுக்கு எதுக்குடி மாலை வகுப்பு?" திங்கட்கிழமையே, ஒரு பார்வையிலேயே, நான் கண்டுகொண்டது என்ன ஆகியிருக்கும்? அந்த நூறு என்ற எண் ஜெயித்திருக்கும்.

தெர்மாமீட்டரை அணைத்தேன். பாரசிட்டமாலைக் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், விழுங்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பதரை வரை காத்திருந்து மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. அதை நீல மையில் எழுதினேன். புதன்கிழமையும் அப்படியே செய்தேன். வியாழக்கிழமை அதற்குத் தேவையிருக்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரியாது என்று எழுதாதீர்கள். அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குத் தெரியும் என்பது தையல்காரம்மாவுக்குமே தெரிந்திருந்தது, வியாழக்கிழமை அவரே கேட்டார். எதற்காக என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவர் இறந்தாலொழிய அந்த வீட்டில் எதுவும் மாறாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது, மாறியும் விட்டது, இனி வரும் முதியவர்கள் அந்த மூன்று கட்டங்களால் பிழைப்பார்கள். இதையும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் பிழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து, பால் டம்ளரை எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். நான் கண்டுபிடித்தது ஒருவருக்கும் தெரியாமலே போயிருக்கும்.